வைரக்கண்ணு பேருக்கு ஓர் அர்ச்சனை

பாண்டிச்சேரிக்காரன் எவனாவது கடலூரைச் சுற்றிப் பார்க்கப் போவானா? சொன்னால் சிரிப்பார்கள். கடலூர்க்காரன்தான் சனிக்கிழமை ஆனால் பஸ் பிடித்து இங்கே வருவான், குடிப்பான், கடற்கரையில் கொஞ்சம் காற்று வாங்குவான், தள்ளாடிக்கொண்டே கடைசி பஸ்ஸில் ஏறிப் போவான். இது காலங்காலமாக நடக்கிற போக்குவரத்து. இதைத்தான் பக்கிரியும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தான்.

"கடலூர்ல இன்னா இருக்குது? ஒரு ஜெயிலு, நாலு கோர்ட்டு. ஊர் பாக்கணும்னா செஞ்சிக்குப் போலாம், கோட்டையாவது இருக்குது. திருவண்ணாமலை போலாம்."

"எங்க அண்ணன் செஞ்சியிலியா கடை வெச்சிருக்கிறான்?" என்றாள் குஞ்சம்மாள். அதோடு பேச்சு முடிந்தது.

மகள் இனியா இன்னும் பன்னிரண்டு நாளில் விமானம் ஏறுகிறாள். புருஷன் சிலம்பரசன் பாரிஸுக்குப் பக்கத்தில் ஏதோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையில் இருக்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு அவன் போய்விட்டான். இவளுக்குக் காகிதம் எல்லாம் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. போகிறவள் தாய்மாமன் கையால் விபூதி வாங்காமல் போகக் கூடாது என்பது குஞ்சம்மாளின் பிடிவாதம். "அவன் கல்யாணத்துக்கு வராம மூஞ்சியில கரி பூசினான். பூசட்டும். நான் போறேன். வயசுல பெரியவன், கால்ல வுழுந்தா இன்னா கொறைஞ்சிடப் போவுது?" என்றாள். இனியாவோ, புருஷன் வாங்கிக் கொடுத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ம்மா, அப்படியே பீச்சு, கோயிலு எல்லாம் பாத்துட்டு வரலாம். ஒரு நாள் ஜாலியா" என்று குதித்தாள்.

ஆக, புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, பாண்டிச்சேரி உப்பளத்திலிருந்து மூன்று பேரும் கிளம்பினார்கள். குஞ்சம்மாள் கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழக் கலர் பட்டைக் கட்டியிருந்தாள்.

அந்த அண்ணன் வைரக்கண்ணு செத்து எட்டு மாதம் ஆகிறது. அது பக்கிரிக்குத் தெரியும். குஞ்சம்மாளுக்குத் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் ஒரு சாவையே மறைத்துவிட்டு, அதன்மேல் எட்டு மாதமாகச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. வைரக்கண்ணுவுக்குக் கடலூர் மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம். பேரனுக்குக் காது குத்தினபோது நல்ல நேரம் போகிறதென்று தங்கை வருவதற்குள் குத்திவிட்டார்கள். பஸ் கிடைக்காமல் அரை மணி தாமதமாக வந்த குஞ்சம்மாள் உட்கார்ந்த இலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். இலை விற்கிறவன் வீட்டு இலையிலிருந்து எழுந்தால் விடுவானா? "இனிமே அவ என் தங்கச்சி இல்ல" என்றான். "அவன் எனக்கு அண்ணனே இல்ல" என்றாள் இவள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை, ஒரே பிடிவாதம்.

இனியாவுக்குச் சம்பந்தம் கூடி வந்தது பெரிய இடத்தில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீடு. மில் மூடினபிறகு வாட்ச்மேன் வேலை பார்க்கிற பக்கிரிக்கு அந்தச் சம்பந்தம் குதிரைக்கொம்பு. மாமனுக்குப் பத்திரிகை வைக்கப் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் போக வேண்டும். குஞ்சம்மாள் வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். பக்கிரி தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான்.

வைரக்கண்ணு தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "மாப்ளே, இலைக்கு வேற எவங்கிட்டயும் சொல்லிடாதே. என் இலையிலதான் சனம் சாப்பிடணும். சீர் வரிசையோட நேரா மண்டபத்துல வந்து நிக்கிறேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாதே. அவ மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்" என்று குழந்தை மாதிரி சிரித்தான். பக்கிரியும் சொல்லவில்லை. "இன்னா சொன்னான்?" என்று குஞ்சம்மாள் கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல, வாங்கி வெச்சிக்கினாரு" என்றான். அது நல்ல பொய். அந்தப் பொய்யோடு நின்றிருந்தால் தேவலை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலை எட்டு மணிக்கு, பக்கிரி காவல் இருக்கிற கேட்டுக்குக் கடலூரிலிருந்து வண்டியில் ஒரு ஆள் வந்தான். "விடிகாலையில லோடு எறக்கச் சொல்ல நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, அவ்ளோதான். சாயங்காலம் எடுக்கிறாங்க. தங்கச்சியக் கூட்டிக்கினு வந்துடுங்க" என்றான்.

"நீ முன்னால போ. வந்துடறோம்" என்றான் பக்கிரி.

வீட்டுக்குப் போக எழுந்தவன் தெருமுனையில் நின்றான். மாப்பிள்ளையின் அம்மா செல்வாம்பாள் பூனை குறுக்கே போனாலே திரும்பி உட்காருகிறவள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் பெண்ணின் தாய்மாமன் சாவு என்று காதில் விழுந்தால்? மாப்பிள்ளைக்கு லீவு இருந்தது பதினெட்டு நாள். தள்ளிப் போட்டால் அடுத்த லீவு எப்போதோ, அதற்குள் வேறு பெண் அமையாதா? குஞ்சம்மாளுக்குச் சொல்லாவிட்டாலும் தானாவது போய் ஒரு மாலை போட்டுவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினான். பெண்ணையாற்றுப் பாலம் வரை போனான். ஒற்றை ஆளாகப் போய் நின்றால் தங்கச்சி எங்கே என்று கேட்பார்களே! பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி, எதிர் பஸ் பிடித்து, கன்னியக்கோயிலில் ஒரு கடைக்குள் புகுந்து குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். கல்யாணம் முடியட்டும், மறுநாளே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். பாவி, சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

கல்யாணத்தில் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. துக்க வீட்டுக்காரர்கள் எப்படி வருவார்கள்? மணவறையில், "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க? மாலை எடுத்துக் குடுக்க ஆளில்லியா?" என்று செல்வாம்பாள் நாலு பேர் கேட்கக் கேட்டாள். பக்கத்து வீட்டு ஆயம்மாளின் தம்பியை நிறுத்தி ஒப்பேற்றினார்கள். குஞ்சம்மாள் அன்று அழவில்லை. மறுநாள் காலை, பக்கிரி சொல்லலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, அவள் விடுவிடென்று வாசலுக்குப் போனாள். தெற்கே பார்த்து நின்றாள். இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"ஊரையே தடுத்து வெச்சிக்கினு என்னை அனாதையா நிக்க வெச்சியேடா! நீ நல்லா இருப்பியா? உன் வாயில மண்ணு விழ! நாசமாப் போக!"

தெருவே பார்த்தது. பக்கிரி பக்கத்தில்தான் நின்றான். அதற்கப்புறம் எப்படிச் சொல்வான்? நாளை, அடுத்த வெள்ளி, அமாவாசை போகட்டும் என்று எட்டு மாதம் ஓட்டினான். அவளும் விளக்கேற்றும்போது, அரிசி களையும்போது, நினைத்தபோதெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் இவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

இப்போது பஸ் அரியாங்குப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், அவள் அந்தக் கடை வாசலை மிதிக்கிறதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். இது ஒன்றுதான் அவனுக்கு நினைப்பு. மற்றவர் வாயால் கேட்டால் அவள் தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பாலம் வருவதற்குள் சொல்லிவிடுவேன் என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டான். பாலம் வந்தது, போயிற்று.

"மொதல்ல பீச்சுக்குப் போலாம்" என்றான். அங்கே ஆள் இருக்காது, சொல்லிவிடலாம்.

தேவனாம்பட்டினத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் இனியா செருப்பைக் கழற்றி வீசினாள். "ப்பா! மணலுப்பா!" என்று கத்தினாள். பாண்டிச்சேரிக் கடற்கரையில் மணலா இருக்கிறது? கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். "இவ்ளோ பக்கத்துல இப்படி ஒரு ஊர வெச்சிக்கினு, ஜெயிலு கோர்ட்டுன்னு சொல்லிக்கினு இருந்தியேப்பா!" என்று அவனைக் கேலி பண்ணிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓடினாள்.

"எங்க ஊருன்னா இன்னான்னு நெனச்ச? ஜில்லாவுக்கே தலைநகரம்டி!" என்று குஞ்சம்மாள் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். முகம் மலர்ந்திருந்தது. கல்யாணத்துக்கப்புறம் அவளை அப்படிப் பக்கிரி பார்த்ததில்லை.

இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். வானம் மூடியிருந்தது. காற்றில் மழை வாடை.

"யோவ், நெஜத்தைச் சொல்லு" என்றாள் திடீரென்று. "பத்திரிகை வெச்சப்ப அவன் இன்னாதான் சொன்னான்?"

இதோ, கதவைத் திறந்தே வைத்துவிட்டாள். உள்ளே போக வேண்டியதுதான். சொல்லு, சொல்லிடு!

"அதான் சொன்னேனே. ஒண்ணும் சொல்லல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ம்ஹூம்."

அவள் மணலை அள்ளி விரலிடுக்கில் வழிய விட்டாள். "சரி வுடு. நானும் கூட வந்திருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்குது. இலையிலேர்ந்து எழுந்தவ நான்தானே?" என்றாள். "அவனைத் திட்டினதெல்லாம் வாயிலதான்யா. மனசுல இல்ல."

பக்கிரி எழுந்து, மகள் ஆழத்துக்குப் போகிறாளா என்று பார்ப்பவன் மாதிரி தண்ணீர்ப் பக்கம் நடந்தான். இனியா அவனை நிறுத்தி வைத்து ஒரு போட்டோ எடுத்தாள். "சிரிப்பா!" என்றாள். சிரித்தான்.

அங்கிருந்து திருப்பாப்புலியூர். நடை சாத்துவதற்குள் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று குஞ்சம்மாள் அவசரப்படுத்தினாள். அர்ச்சனைத் தட்டு வாங்கினாள். அம்மன் சந்நிதியில் குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். மகள் பேரைச் சொல்வாள் என்று பக்கிரி நினைத்தான்.

"வைரக்கண்ணு. சதய நட்சத்திரம்" என்றாள்.

இனியாகூடத் திரும்பிப் பார்த்தாள். "மாமா பேருக்காம்மா?"

"பின்ன? எட்டு மாசமா எவ்ளோ சாபம் வுட்டிருக்கிறேன்! அதெல்லாம் அவனைத் தொடக் கூடாதில்ல? அதான், ஆயுசு கெட்டியா இருக்கட்டும்னு."

குருக்கள் கண்ணை மூடி ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வரியம் என்று சொல்லிக்கொண்டு போனார். நடுவில் வைரக்கண்ணு என்ற பேர் கணீரென்று விழுந்தது. பக்கிரிக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்தவன் பேருக்கு ஆயுசு கேட்டுப் பூப் போடுகிறார்கள், தடுக்க வேண்டியவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். சாமி குற்றமா, ஆள் குற்றமா, எதுவோ இனிமேல் தன்னை விடாது என்று நினைத்தான். தூணைப் பிடித்துக்கொண்டான். குஞ்சம்மாள் விபூதியை ஒரு பொட்டலம், குங்குமத்தை ஒரு பொட்டலம் மடித்தாள். "விபூதி அவனுக்கு. குங்குமம் தனக்கொடி அண்ணிக்கு" என்றாள்.

கோயிலிலிருந்து மார்க்கெட் கூப்பிடு தூரம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை கடையில் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவள் முன்னால் நடந்தாள். ஆறு வருஷமாகியும் கால் தானாக வழி கண்டுபிடித்தது. வாழைக்காய் மண்டி தாண்டி, பூக்கடை தாண்டி, திரும்புகிற இடத்தில் பக்கிரி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"குஞ்சு, நில்லு."

"இன்னாய்யா?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றான்.

"அட சீ, அண்ணன் வாங்கித் தருவான் வா" என்று கையை உதறிக்கொண்டு திரும்பினாள். திரும்பின இடத்தில் இலைக்கடை இருந்தது. பச்சைப் பசேலென்று கட்டுக் கட்டாக இலை. கல்லாவில் வைரக்கண்ணுவின் மகன். அவன் தலைக்கு மேலே, சிவப்பு பல்ப் ஒன்று எரிய, மாலை போட்ட படத்துக்குள் வைரக்கண்ணு.

குஞ்சம்மாள் படத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"வா அத்தே" என்றான் அவன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "எட்டு மாசம் கழிச்சி இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

அவள் அப்படியே தரையில், ஈர இலைச் சருகுகளின் மேல், பட்டுப் புடவையோடு உட்கார்ந்துவிட்டாள். அவளிடமிருந்து வந்த சத்தத்துக்கு மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. இனியா, "ம்மா, ம்மா" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு கடைக்குப் பின்தெருவில். தனக்கொடியை யாரோ போய்க் கூட்டி வந்தார்கள். வந்தவள் கட்டிக்கொண்டு அழவில்லை. எட்ட நின்றாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. குஞ்சம்மாள் கையில் குங்குமப் பொட்டலம் அப்படியே இருந்தது.

"உன் அண்ணன் பொணத்தை எத்தினி மணிக்கு எடுத்தோம் தெரியுமா?" என்றாள் தனக்கொடி. "பாப்பா கல்யாணத்துக்கு அஞ்சு நாள் இருக்கச் சொல்ல, நாலு மணிக்கு எடுக்க வேண்டியதை ஆறு மணி வரைக்கும் போட்டு வெச்சிருந்தோம். கூடப் பொறந்தவ வாய்க்கரிசி போட வருவா, வருவான்னு. பங்காளிங்க எல்லாம் என்னைத் திட்டினாங்க. வந்துடுவா, ஆள் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கிறான்னு நான்தான் எடுக்க வுடல."

"எந்த ஆளு? எங்கிட்ட எவன் சொன்னான்?"

"உன் புருஷன்கிட்டதான். வந்துடறோம்னு சொன்னாராமே."

குஞ்சம்மாள் தலையைத் திருப்பிப் பக்கிரியைப் பார்க்கவே ரொம்ப நேரமாயிற்று. பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவள், புரியாமல் இருக்குமா?

"கல்யாணம் நின்னுடும்னு..." என்று பக்கிரி ஆரம்பித்தான். "பொண்ணு வாழ்க்கை... இனியாவுக்காகத்தான்..."

"என் பேரைச் சொல்லாதேப்பா" என்றாள் இனியா. கத்தவில்லை. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் தனக்கொடிக்கும் விளங்கியது. எட்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு பை எடுத்து வந்தாள். உள்ளே ஒரு அரக்கு நிறப் பட்டுப் புடவை, மடிப்புக் கலையாமல். கல்யாணப் பத்திரிகை அதற்குள்ளேயே செருகியிருந்தது. "இது பாப்பாவுக்கு எடுத்தது. காஞ்சிபுரம் போய் எடுத்தாந்தாரு. மண்டபத்துல நேரா வந்து நிக்கப் போறேன், தங்கச்சிக்குத் தெரியாது, பக்கிரி மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லியிருக்கிறேன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பாரு" என்றாள்.

குஞ்சம்மாள் புடவையைத் தொடவில்லை. "வரேன்னு சொன்னானா?" என்று பக்கிரியைக் கேட்டாள். "காலையில மணல்ல உக்காந்து கேட்டேனே. அப்பவும் ஒண்ணும் சொல்லலன்னியே."

பக்கிரி அவள் காலடியில் உட்கார்ந்தான். "தப்புதான் குஞ்சு. செருப்பால அடி. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் வா."

"நீ மறைச்சதைக்கூட வுட்டுடறேன்யா" என்றாள். குரல் எழவே இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. "பெத்த பொண்ணுக்காகப் பண்ணின, சரி. ஆனா நான் மண்ணு வாரித் தூத்தினப்ப நீ பக்கத்துலதானே நின்ன? செத்து ஆறு நாளானவன் வாயில நான் மண்ணைப் போட்டேன். வாய்க்கரிசி போட வேண்டிய கையி. இப்போ மார்க்கெட்டுல வந்து பிடிச்சியே, அந்தக் கையை அன்னைக்குப் பிடிச்சிருக்கக் கூடாதா?"



"நீங்க கௌம்புங்க. நான் வரல" என்றாள் குஞ்சம்மாள். தனக்கொடி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். பச்சை இலைக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு பெண்களும் நடந்து போனார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இனியா முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள், மடியில் அந்தப் பையோடு. பக்கிரி கடைசி சீட்டில். பெண்ணையாற்றுப் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பக்கத்து ஆள் திட்டிக்கொண்டே எட்டிச் சாத்தினான்.

உப்பளத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது, இன்னும் வெளிச்சம் இருந்தது. இனியா அவனுக்காக நிற்காமல் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். வாசலில் பக்கத்து வீட்டு ஆயம்மாள் ஈரத்தைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பக்கிரி, டூரு போனீங்களாமே? எப்படி இருந்துச்சி கடலூரு? குஞ்சம்மா எங்க?"

"அவ அண்ணன் வூட்டுல இருக்கிறா."

"அடேங்கப்பா! ராசியாயிட்டாங்களா? தினம் அவரைத் திட்டித் தீப்பாளே! எப்படி இருக்கிறாரு அவ அண்ணன்?"

பக்கிரி வாசலைப் பார்த்தான். குஞ்சம்மாள் அன்று மண்ணை வாரின இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"செத்துட்டாரு" என்றான். எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது. சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஐயையோ! எப்போ?"

"கல்யாணத்துக்கு அஞ்சு நாள் முன்னால."

ஆயம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள், அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.